ஆக ஐந்து பேர்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வீட்டில் ஆஜரானவர்கள்:

கன்னியப்பன், எண்பத்திரண்டு வயது, வீட்டுக்குச் சொந்தக்காரர்.
கிருபாகரன், மகன்.
கிருஷ்ணப்பிரியா, மருமகள்.
காவ்யா, பேத்தி. போர்வைக்குள்ளிருந்து குரல் கொடுத்தாள். அதுவும் கணக்கில் சேரும்.
சாதுல்லா, பூந்தமல்லியிலிருந்து தாழ்ப்பாள் போட வந்தவர். வெளியாள் என்றாலும் வாசலைத் தாண்டிவிட்டால் எண்ணிக்கையில் உண்டு.

ஆக ஐந்து பேர்.

எண்ணியவர் கன்னியப்பன்தான். கடற்படையில் பதினைந்து வருடம், பிறகு தீயணைப்புத் துறையில் இருபத்து மூன்று வருடம் வேலை பார்த்தவர். இரண்டு இடத்திலும் பொழுது விடிவது ஆள் எண்ணுவதில்தான். ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் எண்ண ஆள் இல்லாமல் கூடத்தின் நடுவில் நின்றார். மனைவி வேம்புலியம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னா, மூஞ்சி பேஸ்தடிச்ச மாதிரி கீது?"

"வேம்புலியம்மாள்!" என்று உரக்கக் கூப்பிட்டார்.

"எதிர்லதான நின்னுகினு கீறேன், இன்னாத்துக்குக் கத்துற?"

"ஆஜர்னு சொல்லு."

சொன்னாள். அன்று ஆரம்பித்தது. மகனுக்குக் கல்யாணம் ஆனதும் எண்ணிக்கை நான்கானது, பேத்தி பிறந்ததும் ஐந்து. ஆறு வருடம் முன்பு வேம்புலியம்மாள் போய்ச் சேர்ந்ததும் மறுபடி நான்கு. வாயில் பற்பசை இருந்தாலும், முதல் நாள் சண்டையில் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தாலும், பெயர் கூப்பிட்டால் 'ஆஜர்' என்று சொல்லியே தீர வேண்டும். சொல்லாவிட்டால் தேடிக்கொண்டு வந்து நிற்பார்.

இதையாவது ஊரார் சிரித்துவிட்டு விட்டார்கள். அந்த வீட்டின் இன்னொரு வழக்கத்தைத்தான் யாராலும் ஜீரணிக்க முடியவில்லை. திருமுல்லைவாயில் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஓய்வு பெற்றபோது வந்த மொத்தப் பணத்தையும் போட்டு அவர் கட்டிய வீடு அது. நல்ல மரத்தில் ஆறு கதவு, வாசலில் ஒரு கம்பிக் கதவு. ஒன்றுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. படுக்கையறைக்கு இல்லை. குளியலறைக்கு இல்லை. கதவைச் சாத்தலாம், அவ்வளவுதான். குளியலறைக்குள் போகிறவர் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துண்டைத் தொங்கவிட்டுப் போக வேண்டும். துண்டு தொங்கினால் உள்ளே ஆள் என்று அர்த்தம்.

கல்யாணமாகி வந்த முதல் வாரம் கிருஷ்ணப்பிரியா அழுதாள். ஒரு குளியலறைக்குத் தாழ்ப்பாள் கேட்பது ஒரு குற்றமா என்று கேட்டாள். வேம்புலியம்மாள் அவள் கையில் துண்டைக் கொடுத்து, "இது தொங்கினா எமன்கூட உள்ள வரமாட்டான்டி, போய்க் குளி" என்றாள். விருந்தாளிகள் வந்தால் ஒரு வேளைக்கு மேல் தங்க மாட்டார்கள். திருட்டு பயம் இல்லையா என்று கேட்டவர்களுக்குக் கன்னியப்பன் சொன்ன பதில் ஒன்றுதான்: திருடன் வந்தால் சாமான் போகும், பூட்டினால் ஆள் போகும். வீடு காலியாகக் கிடந்தால்தானே பூட்டு வேண்டும். இருபத்து நான்கு வருடமாக அது காலியாகக் கிடந்ததே இல்லை. உறவில் கல்யாணம், சாவு எதுவானாலும் மற்றவர்கள் போனார்கள். அவர் வீட்டில் இருந்தார்.

இப்போது வீட்டில் இருக்க வேண்டிய அவர்தான் வெளியே போய்விடுகிறார்.

முதல் தடவை போனது சித்திரை வெயிலில். எல்லோரும் வேலைக்குப் போன பிறகு பழைய காக்கிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, அம்பத்தூர் தீயணைப்பு நிலையம் வரை நடந்தே போனார். உள்ளே போய், வண்டிக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றார். அங்கிருந்த பையன்கள் நல்லவர்கள். உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து, சட்டைப் பையில் இருந்த போன் நம்பர் சீட்டைப் பார்த்து மகனுக்குப் போன் செய்தார்கள். அதை அவர் நகைச்சுவையாக எடுத்துக்கொண்டார். "டீ நல்லா இருந்துச்சி" என்றார்.

இரண்டாவது தடவை போனது தண்டவாளத்துக்கு. ஆவடிப் பக்கத்திலிருந்து வரும் பாதையில், கற்களின் மேல், இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். ஒரு காய்கறிக்காரி ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தாள். எப்படி அங்கே போனோம் என்று அவருக்குத் தெரியவில்லை. இழுத்தவளின் வளையல் தன் கையில் கீறியதிலிருந்துதான் ஞாபகம் தொடங்குகிறது. அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை. வீட்டைவிட்டுக் கிளம்பியது, தெரு, சிக்னல் எதுவும் இல்லை. கத்தரித்து எடுத்ததுபோல் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

கிருபாகரன் மூன்று நாள் பொறுத்தான். நாலாம் நாள் பூந்தமல்லி சாதுல்லாவுக்குச் சொல்லி அனுப்பினான். வாசல் கம்பிக் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள், ஒரு நல்ல பூட்டு. பகலில் மூன்று பேரும் வெளியே இருக்கும் நேரத்துக்கு மட்டும்.

"மட்டும்" என்றால் ஒன்பது மணி நேரம். கன்னியப்பன் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தார்.

"இன்னா பெரியவரே," என்றார் சாதுல்லா, ஒவ்வொரு கதவாகத் தடவிப் பார்த்துக்கொண்டு. "ஒரு ஊட்ல ஒரு தாப்பா கூடவா இருக்காது? எங்க தொழிலுக்கே விரோதியா கீறீங்களே."

"பூட்டுன கதவ ஒடைக்கறதுதான் என் தொழிலு பாய். நீ போடுவ, நான் ஒடைப்பேன். எவ்ளோ ஒடைச்சிருக்கேன் தெரியுமா?"

"எவ்ளோ?"

"இருநூத்திப் பதினாலு."

அந்த எண் அவருக்கு மறக்கவே இல்லை. காலையில் சாப்பிட்டது இட்லியா தோசையா என்று கேட்டால் யோசிக்க வேண்டியிருந்தது. தொழிற்பேட்டையில் ஒரு துணி கம்பெனியில் முன்வாசலில் தீப்பிடித்தபோது வெளியே பூட்டிக் கிடந்த பின்வாசல்தான் இருநூற்று ஒன்பதாவது கதவு. கடப்பாரையை விட்டு நெம்பித் திறந்தபோது பதினோரு பெண்கள் ஒருவர் மேல் ஒருவராக விழுந்து வெளியே வந்தார்கள். பதினொன்று என்று தலை தலையாக எண்ணியது ஞாபகம் இருக்கிறது.

"நைனா, ஏற்கெனவே பேசி முடிச்சாச்சி," என்றான் கிருபாகரன். "சும்மா அவருக்கு வேலைய கெடுத்துகினு இருக்காதீங்க."

"யார்டா பேசி முடிச்சது? நீயும் உன் பொண்டாட்டியும் பேசுனீங்க. நான் ஒண்ணியும் பேசல."

"தண்டவாளத்துல நின்னுகினு இருந்தீங்க நைனா."

"லைன் பாத்துகினு இருந்தேன்."

"எந்த லைனு? எதுக்கு?"

கன்னியப்பன் பேச்சை மாற்றினார். "உள்ள ஆள வெச்சிப் பூட்றதுக்கு ஜெயிலுன்னு பேரு. நான் செத்துட்டா பொணத்த எடுக்கவாச்சும் தொறப்பியா, இல்ல ஜன்னல் வழியா எடுப்பியா?"

"மாமா, வாயக் கழுவுங்க" என்றாள் கிருஷ்ணப்பிரியா. அவள் தொழிற்பேட்டையில் ஒரு பேக்கிங் கம்பெனியில் சூப்பர்வைசர். நாற்பது பெண்களை மேய்ப்பவள், வீட்டில் அநாவசியமாகக் குரலை உயர்த்த மாட்டாள். "ரெண்டு வாட்டி தப்பிச்சிட்டீங்க. மூணாவது வாட்டி எனக்கு எங்கிருந்து போன் வரும்னு நெனச்சிகினே மிஷின் முன்னாடி நிக்கறேன். என்னால முடியல."

அது நியாயம் என்று அவருக்கும் தெரிந்தது. நியாயமாக இருந்ததால்தான் கோபம் அதிகமாக வந்தது. "பூட்னீங்கன்னா நான் சோறு துன்ன மாட்டேன்" என்றார். சின்னப் பிள்ளை பேச்சு. சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது. காவ்யா போர்வையை உதறி எழுந்து, யாரையும் பார்க்காமல், துணிகளை எடுத்துக்கொண்டு சமையலறை வழியாகக் குளிக்கப் போனாள்.

குளியலறை சமையலறைக்குப் பின்னால் இருந்தது. போக வர வேறு வழி கிடையாது.

சாதுல்லா துளை போடும் மிஷினை எடுத்தார். கூடத்து பிளக்கில் கரண்ட் வரவில்லை என்று ஒயரை நீட்டிச் சமையலறை பிளக்கில் சொருகினார். அந்த பிளக்கில் ஏற்கெனவே பிரிட்ஜ், மிக்ஸி, அரிசிக் குக்கர் மூன்றும் ஒரே பெட்டியில் தொங்கிக்கொண்டிருந்தன. கம்பிக் கதவில் முதல் ஓட்டை விழுந்ததும் உள்ளே 'பட்' என்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு அந்த வாசனை.

அந்த வாசனையை மற்ற மூவரும் உணர்வதற்குள் கன்னியப்பன் எழுந்துவிட்டார். எண்பத்திரண்டு வயது முழங்கால் அந்த ஒரு நிமிடம் வலிக்கவில்லை.

"வெளிய! எல்லாரும் வெளிய!"

குரல் பழைய குரல். கிருபாகரனுக்கே அது யாருடைய குரல் என்று ஒரு கணம் தெரியவில்லை. கேட்டவர்கள் ஓடினார்கள். அவர் எதிர்த்திசையில் போய் மெயின் சுவிட்சை இறக்கினார். சமையலறைக்குள் சுவரோடு சுவராகப் போய் சிலிண்டர் வால்வை மூடினார். பிளக் பெட்டி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. அலமாரியில் விரித்திருந்த பிளாஸ்டிக் தாள் பற்றிக்கொண்டு கரும்புகை கூரையிலிருந்து இறங்கியது. ஜன்னலைத் திறக்கக் கூடாது. காற்று கிடைத்தால் தீ சாப்பிடும். கீழே கிடந்த ஒரு சாக்கைத் தண்ணீரில் முக்கி எடுத்துக்கொண்டு வெளியே வந்து, சமையலறைக் கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் ஈரச் சாக்கைத் திணித்தார். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள். கை ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. துறையில் சேர்ந்தவர்களுக்கு இதைப் படம் பிடித்துக் காட்டலாம்.

தெருவில் வரிசையாக நிற்கவைத்தார்.

"கிருபாகரன்?"

"கீறேன் நைனா."

"ஆஜர்னு சொல்றா!"

"ஆஜர்."

"கிருஷ்ணப்பிரியா?"

"ஆஜர் மாமா."

"சாதுல்லா?"

"ஆஜருங்க," என்றார் சாதுல்லா. மிஷின் இன்னும் கையில் இருந்தது.

"வரதன்?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"ஆஜர்!" என்றார் கன்னியப்பன். தன் குரலில் சொல்லவில்லை. மூக்கால் இழுத்து, கொஞ்சம் கீச்சென்று, வேறொருவன் சொல்வதுபோல் சொன்னார். பிறகு தன் குரலுக்குத் திரும்பி, "என்னையும் சேத்து ஆக அஞ்சி பேரு. கணக்கு சரி" என்றார்.

கிருஷ்ணப்பிரியாதான் முதலில் அலறினாள். "காவ்யா எங்க?"

"பால் வாங்கப் போலியா அவ?" என்றான் கிருபாகரன்.

"குளிக்கப் போனாய்யா!"

அவள் ஓடுவதற்குள் உள்ளே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஈரச் சாக்கு தரையில் இழுபட்டது. காவ்யா இருமிக்கொண்டே வந்தாள். தலையில் ஷாம்பு நுரை, உடம்பில் மாட்டியும் மாட்டாத நைட்டி, மூக்கை மூடிய கையில் அந்தச் சிவப்புத் துண்டு.

கிருபாகரன் வாசலில் இருந்த மணல் வாளிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். தெருவில் வேறு எந்த வீட்டிலும் மணல் வாளி கிடையாது. அதற்காகவும் அவர்கள் கேலி செய்யப்பட்டிருக்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் தீ அணைந்தது. ஒரு பிளக் பெட்டி, அலமாரியில் இரண்டு தட்டு, கரி படிந்த ஒரு சுவர். நஷ்டம் அவ்வளவுதான்.

காவ்யா தெருக் குழாயில் முகம் கழுவிவிட்டு நிமிர்ந்தாள். "தாத்தா, கதவுல துண்டு தொங்குச்சே. நீங்கதான உள்ள வந்தீங்க? பாக்கலியா?"

பார்த்தார். சிலிண்டரை மூடக் குனிந்தபோது புகைக்கு நடுவே சிவப்பாக அது தொங்கியது. கண்ணில் பட்டது, மண்டைக்குள் போகவில்லை. ஏதோ ஒரு துணி என்று தாண்டி வந்துவிட்டார். இருபத்து நான்கு வருடம் முன்பு அவரே போட்ட சட்டம்.

"பாக்கல" என்றார். பொய்.

எதிர் வீட்டு பக்தவத்சலம் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். கன்னியப்பன் அதில் உட்காராமல் காலி மணல் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். கூடியிருந்தவர்கள் கலைந்தார்கள். கிருபாகரன் எலக்ட்ரீஷியனைக் கூட்டிவரப் போனான். காவ்யாவை பக்தவத்சலத்தின் மனைவி உள்ளே அழைத்துப்போனாள். சாதுல்லா மெதுவாகத் தன் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

கிருஷ்ணப்பிரியா ஒரு சொம்பு தண்ணீரோடு வந்து பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"வரதன் யாரு மாமா?"

ஐம்பத்தாறு வருடமாக யாரும் கேட்காத கேள்வி. கேட்க யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது.

வரதன் பட்டாபிராமைச் சேர்ந்தவன். முத்தாபுதுப்பேட்டையிலிருந்து கன்னியப்பனும் பட்டாபிராமிலிருந்து அவனுமாக ஒரே நாளில், ஒரே வரிசையில் நின்று கடற்படையில் சேர்ந்தார்கள். இருவருடைய அப்பாக்களும் மற்றவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். இருவருக்கும் கடலைப் பற்றி ஒன்றும் தெரியாது. சம்பளத்தைப் பற்றித் தெரியும். வரதன் தூங்குமூஞ்சி. காவல் முடிந்து வந்தால் படுக்கைக்குப் போக மாட்டான், கப்பலின் அடியில் கயிறுகள் அடுக்கிவைக்கும் அறையில் போய்ச் சுருண்டுகொள்வான். அங்கே குளிர்ச்சியாக இருக்கும். காலையில் ஆள் எண்ணும்போது எழுந்து வர மாட்டான். அவன் பெயரைக் கூப்பிட்டால் கூட்டத்தில் கடைசி வரிசையிலிருந்து கன்னியப்பன் மூக்கால் குரல் கொடுப்பார். அவன் பேசுவது அப்படித்தான் இருக்கும். வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள். பதிலுக்கு அவன் ஒரு சிகரெட் கொடுப்பான்.

கப்பல் துறைமுகத்தில் நின்ற ஒரு நாள் காலை, கயிறு அறைக்குப் பக்கத்தில் பெயின்ட் வைத்திருந்த அறையில் தீப்பிடித்தது. எல்லோரையும் மேல்தளத்தில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டார்கள். வரதன் பெயர் வந்தது.

"யோசிக்கல," என்றார் கன்னியப்பன். "வாய் பழகிப்போச்சி. பேரு காதுல உழுந்துச்சி, குரல் தானா வந்துச்சி. எல்லாரும் ஆஜர், கணக்கு சரின்னாங்க. கீழ எறங்கற வழியோட இரும்பு மூடியச் சாத்தச் சொன்னாங்க. காத்து போவாம இருந்தா நெருப்பு சாவும். மூடிக்கு ஆறு கைப்பிடி. நான்தான் முறுக்குனேன். நாலாவது கைப்பிடி முறுக்கறப்பதான் ஞாபகம் வந்துச்சி."

"அப்பால?"

"அஞ்சாவதும் முறுக்கினேன். ஆறாவதும் முறுக்கினேன்."

கிருஷ்ணப்பிரியா சொம்பை அவர் கையில் கொடுத்தாள்.

"தொறக்கச் சொன்னா, ஏன்னு கேப்பாங்க. ஏன்னா இன்னா சொல்றது? பக்கத்துல நெருப்பு, தொறந்தா கப்பலே போவும்னு எனக்கு நானே சொல்லிகினேன். அவன் அன்னிக்கி அங்க போயிருக்க மாட்டான்னும் சொல்லிகினேன். சாயங்காலம் தொறந்தாங்க. மூடிக்குக் கீழ ஏணியில ஒக்காந்துகினு இருந்தான்."

விசாரணையில் தட்டும் சத்தம் கேட்டதா என்று கேட்டார்கள். கேட்கவில்லை என்றார். அது உண்மை. அன்று கேட்கவில்லை. பிறகுதான் கேட்க ஆரம்பித்தது. யார் குரல் கொடுத்தது என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. தெரிந்த ஒருவர் எட்டு வருடம் மேலும் அதே சீருடையில் இருந்து, நன்னடத்தைச் சான்றிதழோடு வெளியே வந்து, தீயணைப்புத் துறையில் சேர்ந்து, இருநூற்றுப் பதினாலு கதவுகளை உடைத்தார். ஒருமுறை மெடல்கூடக் கொடுத்தார்கள். அது பெட்டியில் கிடக்கிறது.

"அத்தைக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அவள் ஆறுதல் சொல்லவில்லை. "பேரு மட்டும் கூப்ட்டு வுட்டாங்களா? தலய எண்ணலியா யாரும்?" என்று கேட்டாள். சூப்பர்வைசர் கேள்வி. நாற்பது பேர் கையெழுத்துப் போட்டிருந்தாலும் மிஷின் முன்னால் நாற்பது பேர் நிற்கிறார்களா என்று பார்ப்பவள்.

"எண்ணல. அதான் தப்பு. அதுக்கு அப்பால நான் எங்க போனாலும் பேரும் கூப்டுவேன், தலயும் எண்ணுவேன். ஒரு நாளும் வுட்டதில்ல." தண்ணீரைக் குடித்தார். பாதி சட்டையில் சிந்தியது. "இன்னிக்கி எண்ணல."

சாதுல்லா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். "பெரியவரே, நான் கெளம்பறேன். என் மிஷினாலதான் இவ்ளோவும். உங்க ஊட்டுக்குத் தாப்பா ஆவாது போலக் கீது. மன்னிச்சிக்கங்க."

"ஏன் பாய், ஓட்டய போட்டுட்டு அப்படியே போனா எப்டி? கொசு வரும்." கன்னியப்பன் வாளியிலிருந்து எழுந்தார். "பக்தவத்சலம் ஊட்லேர்ந்து ஒயர் இழுத்துக்கோ. வெளிப்பக்கமா போடு. நல்லா கெட்டியா போடு, ஆட்னா ஆடக் கூடாது."

"மாமா," என்றாள் கிருஷ்ணப்பிரியா. "இன்னிக்கி வேணாம். அப்பறம் பாத்துக்கலாம்."

"அப்பறம்னா, எனக்கு மறந்துடும். இப்பவே போடச் சொல்லு." குரலில் சண்டை இல்லை. "காவ்யா ஏன் வெளிய வந்தா? கதவுல தாப்பா இல்ல, தள்ளிகினு வந்தா. அது நான் செஞ்சது. அவள உள்ள வெச்சிச் சாத்தினதும் நான்தான். எண்ணத் தெரியாதவன் கையில கதவு இருக்கக் கூடாதும்மா. உள்ளாற ரூமுங்களுக்கு எப்பவும் வேணாம். வாசலுக்குப் போடு. நான் ஒருத்தன்தான உள்ள. ஒண்ண எண்றது சுலபம்."

சாதுல்லா ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்தார். கன்னியப்பன் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு ஸ்குரூவையும் ஆட்டிப் பார்த்தார். ஒன்று லேசாக ஆடியது. கழற்றி மறுபடி போடவைத்தார். "இத ஒடைக்க எவ்ளோ நேரம் ஆவும் பெரியவரே?" என்று சாதுல்லா கேட்டார். "அப்போன்னா நாப்பது செகண்டு. இப்ப பசங்ககிட்ட கட்டர் கீது. பத்து செகண்டு" என்றார்.

சாயங்காலம் உட்கார்ந்து நிபந்தனைகளைச் சொன்னார். கிருபாகரன் எழுதிக்கொண்டான். போகும்போது சிலிண்டர் வால்வை மூடிவிட்டுப் போக வேண்டும். சமையலறை கரண்டை அணைத்துவிட்டுப் போக வேண்டும், கூடத்து மின்விசிறி மட்டும் ஓடலாம். ஒரு சாவி பக்தவத்சலத்திடம், அவர் பகலெல்லாம் வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே ஒரு சாவி வைக்கட்டுமா என்று கிருபாகரன் கேட்டான். வேண்டாம் என்றார். புத்தி சரியாக இருக்கும் நாளில் அவருக்கு அது தேவைப்படாது. சரியில்லாத நாளில் அதைத்தான் முதலில் தேடுவார்.

திங்கட்கிழமை காலை நான்கு பேர் ஆஜர் சொன்னார்கள். கன்னியப்பன் ஒவ்வொரு பெயருக்கும் எழுந்து போய், தலையைத் தொட்டு எண்ணினார். காவ்யாவின் தலையில் கை சற்று நேரம் அதிகமாக இருந்தது. அவள் "தாத்தா, பஸ்ஸு போய்டும்" என்றாள். கிருபாகரன் ஆவடிக்குக் கிளம்பினான். காவ்யா கல்லூரிக்குப் போனாள். எட்டரை மணிக்குக் கிருஷ்ணப்பிரியா மட்டும் மிச்சம்.

வால்வை மூடினாள். சமையலறை சுவிட்சை இறக்கினாள். மேசைமேல் சாப்பாட்டையும் மாத்திரையையும் வைத்தாள். கையில் பூட்டை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய், தயங்கித் திரும்பினாள்.

"போயிட்டு வரேன் மாமா."

"அப்படி இல்ல," என்றார் கன்னியப்பன். கூடத்தின் நடுவில், அவர் எப்போதும் நின்று எண்ணும் இடத்தில், கைகளைப் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு நின்றார். "பூட்றவங்கதான் பேரு கூப்டணும்."

"மாமா, ஆஜரா?"

"மாமான்னு ஊர்ல ஆயிரம் பேரு. அது கணக்குல சேராது. பேரச் சொல்லு."

கல்யாணமாகி இருபத்து மூன்று வருடத்தில் அவள் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் அட்டையைக் காட்டுவாள். ஆஸ்பத்திரியில் கேட்டால் எழுதிக் கொடுப்பாள். மாமனார் பெயரை மருமகள் சொல்வது அவள் பிறந்த வீட்டிலும் வழக்கமில்லை, புகுந்த வீட்டிலும் இல்லை. எதிர் வாசலில் பக்தவத்சலம் செய்தித்தாளைத் தாழ்த்திப் பார்த்தார்.

"டைம் ஆவுது. சொல்லும்மா."

அவள் தொண்டையைச் செருமினாள்.

"கன்னியப்பன்."

"ஆஜர்." அவருடைய சொந்தக் குரல்.

கிருஷ்ணப்பிரியா அவர் தலையைப் பார்த்தாள். கூடத்தில், அறைகளில், சமையலறையில், பின்னால் குளியலறையில் வேறு தலை இல்லை என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "ஒண்ணு" என்றாள். அவர் தலையாட்டினார்.

வெளியே போய்க் கம்பிக் கதவை இழுத்துச் சாத்தினாள். கைப்பையிலிருந்து சிவப்புத் துண்டை எடுத்து, தெருவில் போகிறவர்களுக்குத் தெரியும்படி கம்பியில் முடிந்தாள். தாழ்ப்பாளைத் தள்ளினாள். பூட்டை மாட்டி அழுத்தினாள். பூட்டியதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். பூட்டியிருந்தது.